உழைத்த மாதங்களுக்கு வரிசையில் இடம் கொடுங்கள்

பெறுநர்:
செயலாளர், நிறுவன விவகாரங்கள் அமைச்சகம், புதுடெல்லி
தலைவர், இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம், புதுடெல்லி

ஐயா, அம்மா,

எங்கள் கம்பெனியின் சொத்துகளை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நியமிக்கப்பட்டிருக்கும் லிக்விடேட்டரிடமிருந்து போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் கேட்டிருந்த சம்பள பாக்கி 1,38,000 ரூபாய். தொகை சரிதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், ஒரு பைசா குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாக்கி, கலைப்பு தொடங்கிய தேதிக்கு முந்தைய 24 மாதங்களுக்குள் வரவில்லையாம். அதனால் தொழிலாளர் பாக்கி என்ற முன்வரிசையில் அது சேராதாம். பேங்குகளுக்கும் வரித்துறைக்கும் கொடுத்தபின் ஏதாவது மிஞ்சினால், 'மிச்சக் கடன்கள்' என்ற வரிசையில் தரப்படுமாம்.

எதுவும் மிஞ்சாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. திவால் சட்டத்தின் 53-வது பிரிவில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பிரிவை வைத்திருப்பவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தவன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை, பங்கு பிரிப்பது இன்னும் முடியவில்லை. தேதிகளை மட்டும் சொல்கிறேன். இந்தக் கதையில் எங்களைக் கவிழ்த்தவை தேதிகள்தான்.

2019 ஜனவரியில் எங்கள் சம்பளம் பாதியானது. "பேங்க் கடன் லிமிட்டை நிறுத்திவிட்டது, கொஞ்சம் பொறுங்கள், மொத்தமாகத் தருகிறோம்" என்றார்கள். பொறுத்தோம். பாதிச் சம்பளத்துக்கு முழு ஷிஃப்ட் பார்த்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கேட்டை மூடினார்கள். அப்புறம் அந்தக் கேட் திறக்கவே இல்லை. ஆக எங்களுக்கு வரவேண்டியது அந்தப் பதினைந்து மாதத்துப் பாதிச் சம்பளம்.

பேங்க் திவால் மனு போட்டது 2019 ஆகஸ்டில். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அந்த மனுவை ஏற்றுக்கொண்டது 2022 பிப்ரவரியில். கம்பெனியை எடுத்து நடத்த ஒருவரும் முன்வரவில்லை என்று கலைப்பு உத்தரவு வந்தது 2023 ஜூனில்.

இப்போது 2023 ஜூனிலிருந்து 24 மாதம் பின்னால் எண்ணிப் பாருங்கள். 2021 ஜூன் வருகிறது. அந்த இரண்டு வருடமும் கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஒரு லேத் ஓடவில்லை, ஒருவரும் பஞ்ச் அடிக்கவில்லை. பேங்குக்குச் சமமாக எங்களை உட்கார வைக்கிறேன் என்று சட்டம் சொல்கிறதே, அதற்காக அது எடுத்துக்கொண்ட மாதங்கள் எங்களில் ஒருவர்கூட வேலை பார்க்காத மாதங்கள். வேலை பார்த்த மாதங்கள் எல்லாம் வெளியே நிற்கின்றன.

சட்டம் தன் வேலையைத் தான் சொன்ன நாளில் செய்திருந்தால்? 7-வது பிரிவின்படி மனு வந்த 14 நாளில் கடன் தவணை தவறியதா என்று தீர்ப்பாயம் பார்த்துவிட வேண்டும். அதன்பின் தீர்வு காண 180 நாள், நீட்டித்தால் இன்னும் 90, வழக்குகளுக்கு ஆகும் காலத்தையும் சேர்த்து மொத்தம் 330 நாள். 2019 ஆகஸ்டில் போட்ட மனுவுக்கு இந்தக் கணக்குப்படி கடைசிக் கட்டம் 2020 ஜூலை அல்லது ஆகஸ்ட். அங்கிருந்து 24 மாதம் பின்னால் போனால் 2018-ன் நடுப்பகுதி. எங்களுடைய பதினைந்து மாதமும் முழுசாக அதற்குள் அடங்கியிருக்கும்.

தாமதம் எங்களால் வந்ததில்லை. ஆனால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் எங்கள் சம்பளத்தில் ஒரு மாதம் வரிசையிலிருந்து கீழே விழுந்தது. மனுவை ஏற்கலாமா வேண்டாமா என்று இரண்டு தரப்பு வக்கீல்கள் வாதாடிய காலத்துக்கான செலவை, அந்த வழக்கில் தரப்பினராகக்கூட இல்லாத நாங்கள் கட்டியிருக்கிறோம்.

எங்களுடையது சின்னக் கம்பெனி, அதனால் இப்படி ஆயிற்று என்று நினைத்துவிட வேண்டாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் பறப்பதை நிறுத்தியது. அங்கே மனு மடமடவென்று 2019 ஜூன் 20-லேயே ஏற்கப்பட்டது. 2021 ஜூனில் ஒரு தீர்வுத் திட்டத்துக்கு ஒப்புதலும் கிடைத்தது. அதன்பின் பேங்குகளும் திட்டத்தை எடுத்தவர்களும் மூன்று வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டி, 2024 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் கலைப்புக்கு உத்தரவிட்டது. அங்கிருந்து 24 மாதம் பின்னால் எண்ணினால் 2022 நவம்பர். அந்த 24 மாதத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு ஜெட் விமானமும் கிளம்பவில்லை. சம்பளம் வராமல் வேலை பார்த்த 2019-ன் மாதங்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதை உங்கள் அதிகாரிகள் நாள்காட்டியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மனு ஏற்புக்கு முன்னால் இரண்டரை வருடம் என்னதான் நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். டெல்லியில் உட்கார்ந்து புள்ளிவிவரம் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வரி. தீர்ப்பாயத்தின் பின்வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை.

முதலில், மனுவில் கையெழுத்துப் போட்ட பேங்க் அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்த கடிதம் செல்லாது என்று கம்பெனி வக்கீல் எழுந்தார். பேங்க் வேறு கடிதம் கொண்டுவர வாய்தா. கடிதம் வந்தது. அடுத்து, கணக்கு வாராக்கடன் ஆன தேதி 2016 செப்டம்பர் கிடையாது, அதற்கும் முந்தையது, எனவே மூன்று வருட காலவரையறை தாண்டிவிட்டது என்றார். அதற்குப் பதில் தாக்கல் செய்ய வாய்தா, பதிலுக்குப் பதில் தாக்கல் செய்ய இன்னொன்று. அப்புறம் கடன் பத்திரத்தில் முத்திரைத் தீர்வை போதவில்லை என்றார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த நேரத்தில் ஓ.டி.எஸ். வந்தது. ஒரே தடவையில் கடனைத் தீர்க்கப் பேச்சு நடக்கிறது, கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கேட்டார்கள். பேங்க் வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. அவகாசம் முடிந்தது, பணம் வரவில்லை, திருத்திய ஓ.டி.எஸ். வந்தது. இடையில் அமர்வில் ஒரு உறுப்பினர் மாறினார், முதலிலிருந்து வாதம்.

இந்த ஆட்சேபணைகளில் எதையும் சட்டவிரோதம் என்று நான் சொல்ல மாட்டேன். கட்சிக்காரருக்காக வாதாடுவது வக்கீலின் தொழில். ஆனால் அத்தனையையும் முதல் நாளே ஒரே பதில்மனுவில் எழுதிக் கொடுத்திருக்க முடியும். ஒன்று தோற்ற பிறகு அடுத்ததை எடுத்தார்கள், ஏனென்றால் அப்படி எடுக்க இடம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் இன்னோவென்டிவ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், பேங்க் போடும் மனுவில் கடன் இருக்கிறதா, தவணை தவறியதா, மனு முழுமையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தவணை தவறியதைக் காட்ட, கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் தகவல் பயன்பாட்டு நிறுவனத்தின் மின்னணுப் பதிவும் இருக்கிறது. அதற்கு இரண்டரை வருடம் ஆகத் தேவையில்லை.

கொரோனா வந்ததே என்பீர்கள். சரி, வந்தது. ஆனால் மனு தாக்கலானதற்கும் ஊரடங்குக்கும் நடுவில் ஏழு மாதம் இருந்தது. சட்டம் கொடுத்தது 14 நாள். அந்த நாளுக்குள் முடிக்க முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று 2019-ல் நீங்களே திருத்தம் கொண்டுவந்தீர்கள். எங்கள் வழக்கின் உத்தரவுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் இருப்பது, இன்னார் ஆஜரானார், அவகாசம் கேட்டார், அடுத்த தேதி இன்னது, அவ்வளவுதான்.

2022 பிப்ரவரியில் மனு ஏற்கப்பட்டதும் முடிந்ததா? மேல்முறையீடு போனார்கள். அது நடக்கும்போதே 2022 ஜூலை 12-ல் உச்ச நீதிமன்றம் விதர்பா இண்டஸ்ட்ரீஸ் பவர் வழக்கில் தீர்ப்பு சொன்னது. தவணை தவறியது உண்மையாகவே இருந்தாலும், கம்பெனியின் நிலைமையைப் பார்த்து மனுவை ஏற்காமல் வைக்கும் விருப்புரிமை தீர்ப்பாயத்துக்கு உண்டு என்பது அதன் சாரம். அந்த மின் நிறுவனத்துக்கு 1,730 கோடி ரூபாய் வரவேண்டியிருந்தது, அதனால் அங்கே அந்த வாதத்துக்கு ஒரு பிடிமானம் இருந்தது. எங்கள் கம்பெனிக்கு யாரிடமிருந்தும் ஒரு கோடி வரவேண்டியதில்லை. இருந்தாலும் அதே தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது விதர்பா வழக்கின் சூழலுக்கு மட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சுரேஷ் குமார் ரெட்டி வழக்கில் தெளிவுபடுத்தியபோது எங்களுக்குக் காலம் கடந்திருந்தது.

இனி எந்திரங்களைப் பற்றி.

மனு நிலுவையில் இருந்த 2019 அக்டோபரில், ஆயுதபூஜை முடிந்த அடுத்த வாரம், இரவு ஷிஃப்ட் இல்லாத ஒரு நாளில், நான்கு சி.என்.சி. எந்திரங்கள் லாரியேறின. காலையில் வந்து பார்த்தபோது தரையில் ஃபவுண்டேஷன் போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு எந்திரத்தோடு போய்விட்டது, கட்டியிருந்த மாவிலை கீழே கிடந்தது. செக்யூரிட்டியிடம் கேட்டால் டெலிவரி சலானைக் காட்டினார். 'ஜாப் ஒர்க், திரும்பி வரும்' என்று எழுதியிருந்தது. போன இடம் முதலாளியின் மைத்துனர் பெயரில் இருக்கும் பட்டறை. ஸ்டேஷனுக்குப் போனோம், இது சிவில் விவகாரம் என்றார்கள். பேங்கில் சொன்னோம், ஸ்டாக் ஆடிட் வரும்போது பார்ப்போம் என்றார்கள். எங்கள் சங்கத்தின் சார்பில் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். மனு ஏற்பு நிலையில் பேங்கும் கம்பெனியும் மட்டுமே தரப்பினர், மூன்றாம் நபரைக் கேட்க வேண்டியதில்லை என்று அது தள்ளுபடியானது. அந்தக் கம்பெனியில் இருபது வருடம் லேத் ஓட்டியவன் மூன்றாம் நபர்.

எந்திரம் திரும்பி வரவில்லை. லிக்விடேட்டரின் சொத்துப் பட்டியலில் அந்த நான்கும் இல்லை.

இதில் இன்னொரு தேதிக் கணக்கு இருக்கிறது. சொந்தபந்தத்துக்குச் சொத்தைத் தள்ளிவிட்ட பரிவர்த்தனைகளைத் திரும்பப் பிடிக்க 43-வது பிரிவு வைத்தீர்கள். எவ்வளவு தூரம் பின்னால் போகலாம்? திவால் நடவடிக்கை தொடங்கிய தேதிக்கு முந்தைய இரண்டு வருடம். தொடங்கிய தேதி என்பது மனு போட்ட நாள் என்று நாங்கள் நினைத்தோம். மனு ஏற்கப்பட்ட நாளாம். 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் பின்னால் போனால் 2020 பிப்ரவரி. எந்திரம் போனது 2019 அக்டோபர். நான்கு மாதத்தில் தப்பித்துவிட்டார்கள். வாய்தா வாங்கத் தெரிந்தவருக்கு, வாங்கிய வாய்தாவே பாதுகாப்பு. மோசடி என்று நிரூபித்தால் இந்த வரம்பு தடையாக இருக்காது என்று திவால் நடவடிக்கையை நடத்திய ஆர்.பி. (தீர்வு நிபுணர்) சொன்னார். நிரூபிக்கக் காகிதம் வேண்டும். காகிதம் இருந்த பீரோவின் சாவி யாரிடம் இருந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திவால் நடவடிக்கை தொடங்கிய பிறகு கம்பெனிச் சொத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று 14-வது பிரிவு தடை போடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது மனு ஏற்கப்பட்ட நாளில்தான் வருகிறது. மனு போட்ட நாளுக்கும் அதற்கும் நடுவில், தன் கம்பெனி கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்த முதலாளியின் கையிலேயே சாவிக்கொத்து இருக்கிறது. இதே சட்டத்தின் இன்னொரு பகுதியை, கம்பெனிக்காகத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்குப் பொருந்தும்படி 2019 டிசம்பர் 1-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். அதன் 96-வது பிரிவில், மனு தாக்கலான அன்றைக்கே ஜாமீன்தாரருக்கு இடைக்காலப் பாதுகாப்பு தொடங்கும் என்று எழுதினீர்கள். எங்கள் முதலாளிதான் ஜாமீன்தாரர். அவருடைய வீட்டுக்கு முதல் நாளே குடை விரித்த சட்டம், நாங்கள் வேலை பார்த்த ஷெட்டுக்கு இரண்டரை வருடம் கழித்துத்தான் விரித்தது. எழுதத் தெரியாமல் விட்டதாக இதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. தாக்கலான நாளிலிருந்து பாதுகாப்புத் தர உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வழி இல்லாமலும் இல்லை. 2019 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நூயி பல்ப் அண்ட் பேப்பர் வழக்கில், மனு ஏற்பு நிலுவையில் இருக்கும்போதே சொத்தை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று தீர்ப்பாய விதி 11-ன் கீழ் தடை விதிக்கலாம் என்று உறுதிசெய்தது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பேங்க் கேட்கவில்லை. பேங்குக்கு நிலமும் கட்டடமும் அடமானம் இருந்தது, எந்திரம் போனால் அதற்கு வலிக்கவில்லை. வலித்தவர்களுக்குக் கேட்கும் உரிமை இல்லை.

பிஎஃப் விஷயத்தில் சட்டம் எங்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஎஃப், பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளை லிக்விடேட்டர் தொட முடியாதபடி 36-வது பிரிவில் வைத்தீர்கள். அது இல்லையென்றால் பாதிப் பேர் இந்நேரம் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். கிராஜுவிட்டிக்குக் கம்பெனி தனி நிதியே ஒதுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்பதில் மட்டும் வாதம் இழுத்துக்கொண்டே போகிறது.

இன்னொன்று, எங்களில் சிலருக்கு நேர்ந்தது. எந்திரத்தைச் செட் செய்து தரும் செட்டர்களாக இருந்த சிலருக்குக் கடைசிக் காலத்தில் சம்பளம் ஏற்றாமல் 'சூப்பர்வைசர்' என்று பட்டம் மட்டும் கொடுத்தார்கள். பேட்ஜின் நிறம் மாறியது, கையில் கிரீஸ் மாறவில்லை. இப்போது அவர்கள் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார்கள், ஊழியர் கணக்கு என்கிறார்கள். அதற்கு ஒரு படி கீழே இடம், 24-க்குப் பதில் 12 மாதம்.

இதையெல்லாம் நீதிமன்றத்தில் போய்ச் சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். சொன்னவர்கள் இருக்கிறார்கள். மோசர் பேர் என்ற கம்பெனியின் தொழிலாளர்கள் இந்த வரிசை முறையையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 மே 2-ல் தீர்ப்பு வந்தது. திவால் சட்டம் வகுத்த வரிசை செல்லும் என்றது நீதிமன்றம். அதற்குப் பிறகு இந்த வரிசையை மாற்றும் வேலை நாடாளுமன்றத்துக்கும் உங்களுக்கும் உரியது. பழைய கம்பெனிச் சட்டத்தில் 1985-ல் சேர்த்த 529ஏ பிரிவு தொழிலாளர் பாக்கியை அடமானம் பெற்ற பேங்குக்குச் சமமாக வைத்தது. அதில் 24 மாதம் என்ற வேலி கிடையாது. அந்தக் காலத்தில் வழக்குகள் பத்து வருடம் இருபது வருடம் இழுத்தன, அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இழுத்தாலும் உழைத்த மாதம் கணக்கிலிருந்து தொலையவில்லை. 2016-ல் நீங்கள் 24 மாத வேலியைப் போட்டபோது, எல்லாம் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் போட்டிருக்கலாம். அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை என்பது உங்களுக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு, 71 சதவீதத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் 180 நாளைத் தாண்டி நிற்கின்றன என்று எழுதியது, மனு ஏற்பை 30 நாளுக்குள் முடிக்கச் சொன்னது. 330 நாள் வரம்பையும் அபூர்வமான சூழலில் நீட்டலாம் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் எஸ்ஸார் ஸ்டீல் தீர்ப்பு வந்துவிட்டது. காலக்கெடு எல்லோருக்கும் இளகியிருக்கிறது. எங்கள் 24 மாதம் மட்டும் இளகவில்லை.

தொழிற்சங்கமே திவால் மனு போடலாம் என்று 2019 ஏப்ரலில் கான்பூர் ஜே.கே. ஜூட் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. அடுத்த வருடம் மார்ச் 24-ல் குறைந்தபட்ச பாக்கித் தொகையை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு ஏற்றினீர்கள். ஊரடங்கில் சின்னக் கம்பெனிகளைக் காப்பாற்ற என்று சொன்னீர்கள், அன்றைக்கு அது நியாயம். ஊரடங்கு போய் எத்தனை வருடம் ஆகிறது? முப்பது பேர் வேலை பார்க்கும் பட்டறையில் எல்லோருடைய சம்பள பாக்கியையும் கூட்டினாலும் ஒரு கோடி எட்டாது.

நாங்கள் கேட்பவை இவை.

53-வது பிரிவில் தொழிலாளர் பாக்கிக்கான 24 மாதத்தையும், ஊழியர் பாக்கிக்கான 12 மாதத்தையும் முதல் திவால் மனு தாக்கலான தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மனு தாக்கலான பிறகும் ஆட்கள் வேலை பார்த்திருந்தால் அந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தால் கடைசியாக வேலை நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள். இந்த ஒரு திருத்தம் வந்தாலே எங்கள் குறையில் பெரும்பகுதி தீரும். சொந்தக்காரர்களுக்குத் தள்ளிவிட்ட சொத்தைத் தேடும் இரண்டு வருடத்துக்கும் தாக்கல் தேதியே தொடக்கமாக இருக்கட்டும்.

மனுவுக்கு நோட்டீஸ் அனுப்பும் அன்றைக்கே, யாரும் கேட்காமலே, எந்திரங்களையும் சரக்கையும் வெளியே கொண்டுபோகத் தடை வரும்படி தீர்ப்பாய விதிகளில் சேர்க்க வேண்டும். வழக்கமான உற்பத்திச் சரக்கு விற்பனைக்கு விலக்குக் கொடுங்கள், அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஒரு வாரத்துக்குள் எந்திரப் பட்டியலை வரிசை எண்ணோடும் படத்தோடும் கம்பெனி தாக்கல் செய்யட்டும்.

கம்பெனி தன் ஆட்சேபணைகள் அனைத்தையும் ஒரே பதில்மனுவில் சொல்லட்டும். ஓ.டி.எஸ். பேச்சு நடக்கிறது என்று வாய்தா கேட்பவர், சொன்ன தொகையில் ஒரு பங்கைத் தீர்ப்பாயத்தில் கட்டிவிட்டுக் கேட்கட்டும், அதிலிருந்து முதலில் சம்பள பாக்கி போகட்டும். 14 நாள் தாண்டினால் காரணம் எழுத வேண்டும் என்ற விதி இருக்கிறது. எத்தனை வழக்கில் அப்படி எழுதப்பட்டது என்பதை வாரியம் காலாண்டுதோறும் வெளியிடட்டும். தீர்ப்பாயத்தைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. தலைவரையும் சேர்த்து நாடு முழுவதுக்கும் 63 பேர் என்று ஒதுக்கிவிட்டு, அதிலும் இடங்களைக் காலியாக விட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? அந்த எண்ணிக்கையை உயர்த்துவதும் உங்கள் கையில்.

மனு நகலின் சுருக்கம் தமிழில், அல்லது அந்தந்த மாநில மொழியில், தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். சங்கம் இருந்தால் சங்கத்துக்கும், இல்லாவிட்டால் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கும் ஏற்பு நிலையிலேயே பேச இடம் வேண்டும். பேங்கின் மனுவை ஏற்க வேண்டுமா என்பதில் நாங்கள் வாதாடத் தேவையில்லை. சொத்து எங்கே போகிறது, சம்பளம் எத்தனை மாதம் நிற்கிறது, இந்த இரண்டைச் சொல்ல அனுமதித்தால் போதும். கடன் கொடுத்தவர்கள் குழுவில் எங்களுக்கு ஓட்டு இல்லை, மொத்தக் கடனில் பத்து சதவீதம் பாக்கி இருந்தால்தான் உட்கார்ந்து கேட்கவே முடியும் என்ற விதியையும் தொழிலாளர் பிரதிநிதிக்குத் தளர்த்துங்கள்.

சம்பள பாக்கிக்கு மட்டும் அந்த ஒரு கோடி வரம்பைப் பழையபடி ஒரு லட்சமாக்குங்கள். உயர்த்தியது ஓர் அறிவிப்பாணையில்தான், இறக்குவதற்கும் ஓர் அறிவிப்பாணை போதும்.

பாக்கி கோரும் படிவம் டி-யைத் தமிழில் கொடுங்கள். எங்களில் பலர் அதை நிரப்ப ஆளுக்கு ஐநூறும் ஆயிரமும் கொடுத்தார்கள். சம்பளச் சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, பிஎஃப் பதிவையும் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பதிவையும் ஆதாரமாக ஏற்க வேண்டும் என்று வாரியம் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.

கடைசியாக, 24 மாதக் கணக்கை எந்தத் தேதியில் திருத்தினாலும், கலைப்பு உத்தரவு வந்து பணம் இன்னும் பிரிக்கப்படாத எல்லாக் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும் என்று திருத்தத்திலேயே எழுதுங்கள். அதுவரை, வேலை நடந்த மாதங்களின் பாக்கிக்கு ஈடான தொகையைப் பிரிக்காமல் தனிக் கணக்கில் வைத்திருக்கும்படி லிக்விடேட்டர்களுக்கு வாரியம் அறிவுறுத்த வேண்டும். எங்கள் நிலமும் கட்டடமும் ஏலத்துக்கு வரப்போகின்றன. அதற்கு முன்பே இந்த அறிவுறுத்தல் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
மூடப்பட்ட ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியின் முன்னாள் டர்னர்,
உடன் வேலை பார்த்தவர்கள் சார்பாகவும்,
அம்பத்தூர், சென்னை